கைமாத்துக்கு ஒரு நியாயம், நொய்யலுக்கு ஒரு நியாயமா?

திருப்பூர்ப் பக்கம் ஒரு வாசகர் வட்டம், புதிதாக எழுதுகிறவர்களுக்கென்று நடத்திய சிறுகதைப் போட்டியைப் பற்றித்தான் இது; மேலே இருக்கிற கைமாத்தும் நொய்யலும் அதில் கொடுத்த தலைப்புகள். பெயரைப் போடவில்லை. நடத்தியவர்கள் கைக்காசைப் போட்டு ஓடியாடுகிற நாலைந்து பேர், நாளைக்கே பழைய பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் டீ வாங்கித் தருகிறவர்கள்; குறையை எழுதுவதற்காக அவர்களைத் தெருவில் இழுத்து விட வேண்டியதில்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நானும் கதை அனுப்பினேன், முதல் சுற்றைத் தாண்டித் தொகுப்பில் வந்திருக்கிறது, பரிசு கிடைக்கவில்லை. பரிசு வராத வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குப் பிடித்ததைத்தான் முதலில் எழுதப் போகிறேன்.

பொதுவாக நம் ஊரில் போட்டி அறிவிப்பு என்றால் அரைப்பக்கம் இருக்கும். தலைப்பு, பக்க அளவு, கடைசித் தேதி, "நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது", முடிந்தது. இவர்கள் இரண்டு பக்கத்துக்கு விதி போட்டிருந்தார்கள், அதுவும் நீட்டி முழக்குவதற்காக இல்லை, ஒவ்வொரு விதிக்கும் கீழே அது எதற்கு என்று ஒரு வரி. கட்டணம் 100 ரூபாய், எதற்கென்றால் அச்சுக்கூலிக்கும் பரிசுக்கும். கல்லூரி மாணவர்களுக்கு இலவசம், மற்றவர்களிலும் கட்ட முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் இலவசம், "காரணம் கேட்க மாட்டோம்". இந்தக் கடைசி மூன்று வார்த்தையை நான் வேறு எந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை. விலக்கு வேண்டுமென்றால் வருமானச் சான்றிதழ் இணைக்கவும் என்று கேட்ட போட்டியெல்லாம் உண்டு. கதை எழுத வந்தவனைத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்புகிற வேலை.

அதைவிட முக்கியம், உரிமை பற்றிய விதி. கதையின் உரிமை எழுதியவருக்கே, தேர்வாகும் கதைகளை ஒரு தொகுப்பில் ஒரு பதிப்பு மட்டும் அச்சிட எங்களுக்கு அனுமதி, தேர்வாகாத கதைகளை நாங்கள் எங்கும் வெளியிட மாட்டோம். இவ்வளவுதான். இதை எழுத மற்றவர்களுக்கு ஏன் கை வரமாட்டேன் என்கிறதோ தெரியவில்லை. "போட்டிக்கு வரும் படைப்புகள் அனைத்தும் எங்களுக்கே சொந்தம்" என்று கூச்சமே இல்லாமல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தோற்ற கதைக்கும் சேர்த்து. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், உரிமையை மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாமல் விட்டால் 5 வருடம், எந்த எல்லைக்கு என்று குறிப்பிடாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆக, நோட்டீஸில் ஒரு வரி அச்சடித்துவிட்டதாலேயே கதை கை மாறிவிடாது. ஆனால் முதல் கதை எழுதுகிற பிள்ளைக்கு இது தெரியுமா? அது பாட்டுக்குக் கதையை அனுப்பிவிட்டு, அப்புறம் அதையே ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

"இதுவரை வெளிவராத கதை" என்பதற்கும் விளக்கம் கொடுத்திருந்தார்கள். முகநூலில் எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்தால் அது வெளிவந்த கதை. நண்பர்கள் நாலு பேருக்கு வாட்ஸப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தால் அது வெளியீடு இல்லை. சரியான கோடு. இதைச் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் முடிவு வந்த பிறகு ஸ்கிரீன்ஷாட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள்.

"புதிய எழுத்தாளர்" யார் என்பதில் கொஞ்சம் சறுக்கிவிட்டார்கள். தனி நூல் வெளியிடாதவர் என்று போட்டிருந்தது. இப்போது ஐம்பது பிரதி அச்சடிப்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. காலேஜ் படிக்கிற பையன் தன் கவிதைகளை ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டு நண்பர்களுக்குக் கொடுத்திருந்தால் அவன் வெளியே, வருடக்கணக்காக வார இதழ்களில் கதை எழுதிச் சன்மானம் வாங்கியும் புத்தகம் போடாமல் இருக்கிறவர் உள்ளே. கதைக்குப் பணம் வாங்கியதுண்டா என்று கேட்டிருந்தால் ஓரளவு சரியாகப் பிரிந்திருக்கும்.

கையால் எழுதி அனுப்பலாமா என்பது நோட்டீஸில் இல்லை, யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பவும் என்று மட்டும் இருந்தது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் திறக்கிறவர் கம்ப்யூட்டரில் கொத்துக் கொத்தாக ஆங்கில எழுத்தாக வந்து நிற்கும், அதற்காகச் சொல்லியிருப்பார்கள், அது சரி. ஆனால் எங்கள் தெருவில் ஒரு அக்கா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர், பிள்ளையின் பழைய நோட்டில் பின்பக்கமாகக் கதை எழுதி வைத்திருந்தார். போன் போட்டுக் கேட்டார், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏனுங்கண்ணா, நோட்டுல எழுதுன கதைங்க. அப்படியே போட்டோ எடுத்து அனுப்புனா எடுத்துக்குவீங்களா?"

"தாராளமா அனுப்புங்க அம்மிணி. எழுத்துப் புரிஞ்சாப் போதும், அடிக்கறதுக்கு இங்க ஆளு இருக்கறாங்க."

அந்த ஒரு பதிலுக்காகவே இந்தப் போட்டிக்கு இரண்டு மார்க் கூடப் போடலாம். ஆனால் இதை நோட்டீஸிலேயே போட்டிருக்க வேண்டும். அக்கா தைரியமாகக் கேட்டார், கேட்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ.

அடித்துக் கொடுத்தவர்கள் நல்ல எண்ணத்தில் ஒரு காரியம் செய்துவிட்டார்கள். பிழை திருத்துகிறோம் என்று பேச்சு வழக்கையும் சேர்த்துத் திருத்திவிட்டார்கள். அக்காவின் கதையில் அம்மாவைப் பெற்ற அப்பிச்சியிடம் கடன் கேட்கப் போகிறாள் ஒருத்தி. தொகுப்பில் அது வெறும் தாத்தா ஆகிவிட்டது. அப்பாவைப் பெற்ற அப்பாரு வீடா அப்பிச்சி வீடா என்பதில்தான் அவள் கூனிக் குறுகி நிற்பதற்கே காரணம் இருக்கிறது, அது போச்சு. விதிகளில் வேறு "வட்டார வழக்கு அளவோடு இருக்கட்டும்" என்று ஒரு வரி. ஆர். சண்முகசுந்தரம் 1942லேயே கொங்குப் பேச்சை வைத்து ஒரு நாவலை வெளியிட்டுவிட்டார், அவர் தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர். அதே ஜில்லாவில் இருந்துகொண்டு அளவோடு என்றால் யார் அளப்பது? நம் ஆட்களே நம் பேச்சுக்கு இப்படிக் கூச்சப்பட்டால் எப்படி?

இதில் இன்னொரு வேடிக்கை. எழுத்துப்பிழை இல்லாமைக்கு 10 மதிப்பெண் என்று வைத்திருந்தார்கள். நோட்டில் எழுதி அனுப்பியவர்களுக்கு மற்றவர்கள் பிழை திருத்தி அடித்துக் கொடுத்தாகிவிட்டது, ஆக அந்த 10 முழுசாகக் கிடைக்கும். தானே செல்போனில் விரல் வலிக்க அடித்து அனுப்பிய பையனுக்கு ஒற்று விட்டுப்போனதற்கெல்லாம் குறையும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, இரண்டு விதியையும் ஒன்றாக வைத்து ஒருவரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அளவு 1,000 முதல் 1,500 வார்த்தை என்று இருந்தது. எல்லாப் போட்டியிலும் இப்படித்தான் இருக்கிறது, எல்லாப் போட்டியிலும் இது தப்பு. "போய்க்கொண்டிருந்தவனை" என்று சேர்த்து எழுதினால் கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு வார்த்தை, "போய்க் கொண்டு இருந்தவனை" என்று பிரித்து எழுதினால் மூன்று. பள்ளிக்கூடத்தில் பிரித்து எழுதப் பழகியவர் தண்டம் கட்டுகிறார். எனக்குத் தெரிந்த ஒருவர் 1,600ஐத் தாண்டிய கதையை ஒரு சொல்லைக்கூட வெட்டாமல், இடைவெளியை மட்டும் அழித்து அழித்து 1,500க்குள் கொண்டுவந்து நிறுத்தினார், படிக்கிறபோது மூச்சு முட்டியது. எழுத்துகளை எண்ணலாம், இல்லையென்றால் இந்த எழுத்துரு இந்த அளவில் ஏ4 தாளில் ஐந்து பக்கம் என்று சொல்லிவிடலாம். அதில் யாரும் ஏய்க்க முடியாது.

நடுவர் விஷயத்துக்கு வருகிறேன். பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுத்தான் நடுவர்களுக்குக் கொடுத்தார்கள், பெயர்ப் பட்டியல் ஒருவரிடம் மட்டும் இருந்தது, அவர் கதைகளைப் படிக்கவில்லை. சுத்தமான ஏற்பாடு. நிர்வாகிகளும் அவர்கள் குடும்பத்தாரும் கலந்துகொள்ளக் கூடாது என்றும் இருந்தது. (சொந்தக்காரர்கள் என்று போடாமல் குடும்பத்தார் என்று போட்டது புத்திசாலித்தனம், நம் பக்கம் பங்காளி, மாமன் மச்சான் என்று தேடிப் போனால் போட்டிக்கு ஆளே மிஞ்சாது.) விட்டுப்போனது ஒன்றுதான்: நடுவர்களில் ஒருவர் கதைப் பட்டறை நடத்துகிறவர். அவரிடம் பயின்ற பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள், சில கதைகளைப் பட்டறையில் அவரே திருத்தியும் கொடுத்திருக்கிறார். பெயரை மறைத்து என்ன செய்ய, தான் திருத்திய வரி தனக்குத் தெரியாதா? அவர் நேர்மையானவர், அந்தக் கதைகளுக்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்று தானாகவே சொல்லிவிட்டதாக விழாவில் அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் ஆள் நல்லவராக இருந்ததால் தப்பித்த விதி அடுத்த வருடம் தப்பிக்குமா?

இறுதிச் சுற்றில் இவர்கள் மதிப்பெண்ணைக் கூட்டவில்லை, ஒவ்வொரு நடுவரும் கதைகளை ஒன்று இரண்டு மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும், வரிசை எண்ணைக் கூட்டி எது குறைவோ அதற்கு முதல் பரிசு. இது ஏன் நல்லது என்று கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் கணக்குப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நடுவர்கள், இரண்டு கதைகள் என்று வையுங்கள். முதல் நடுவர் கஞ்சக் கை. கதை அ-வுக்கு 62, ஆ-வுக்கு 58. மூன்றாமவரும் அதே மாதிரி, 70, 66. நடுவில் இருக்கிறவர் பிடித்தால் தூக்கி வைப்பார், பிடிக்காவிட்டால் கீழே போடுவார். அ-வுக்கு 50, ஆ-வுக்கு 85. கூட்டினால் அ 182, ஆ 209. ஆக ஆ ஜெயித்துவிட்டது. ஆனால் மூன்று பேரில் இரண்டு பேருக்கு அ-தான் பிடித்தது! மதிப்பெண்ணை அகலமாக வீசுகிற ஒரே ஒருவர் மற்ற இரண்டு பேரையும் சேர்த்து ஓட்டுப் போட்டுவிட்டார். வரிசை எண் என்றால் அ-வுக்கு 1, 2, 1 மொத்தம் நாலு, ஆ-வுக்கு 2, 1, 2 மொத்தம் ஐந்து, அ ஜெயிக்கும். ஒருவருக்கு உயிராகப் பிடித்த கதையை இப்படித் தள்ளலாமா என்று வாதாடுகிறவர்களும் உண்டு, அந்த வாதத்திலும் ஞாயம் இருக்கிறது, அதற்குத்தான் நடுவர் சிறப்புப் பரிசு என்று தனியாக ஒன்று வைக்கலாம். வாசகர் ஓட்டு என்று ஒன்று வைத்துத் தொலைக்காததற்கு நன்றி. வாட்ஸப் குரூப் பெரிதாக இருக்கிறவர் கதைதான் நல்ல கதை என்று ஆகிவிடும்.

இவ்வளவு யோசித்தவர்கள் முதல் சுற்றில் கோட்டை விட்டதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. வந்த கதைகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, ஒரு கட்டை ஒரே ஒருவர் படித்து, வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதாவது பெரும்பாலான கதைகளுக்குத் தீர்ப்பு சொன்னது நடுவர்கள் இல்லை, ராத்திரி வேலை முடிந்து வந்து கண் எரிய எரிய நாற்பதாவது கதையைப் படித்துக்கொண்டிருந்த ஒரு தனி மனிதர். ஒவ்வொரு கதையையும் இரண்டு பேர் படிக்க வேண்டும், இரண்டில் ஒருவர் வேண்டும் என்றால் போதும், மேலே அனுப்பிவிட வேண்டும். அதே கட்டை இரண்டாமவர் கடைசியிலிருந்து படித்தால் இன்னும் உத்தமம், முதலில் வந்த கதைக்குக் கிடைக்கிற தெம்பு கடைசிக் கதைக்கும் ஒருவரிடமாவது கிடைக்கும். ஆள் பற்றாக்குறை என்றார்கள். புத்தகத் திருவிழாவுக்கு ஈரோட்டுக்கும் கோவை கொடிசியாவுக்கும் கூட்டம் கூட்டமாகப் போய் வருகிறோம், அந்தக் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தால் படிக்க ஆளா கிடைக்காது?

முதல் சுற்று மதிப்பெண் பட்டியலையும் வெளியிட்டிருந்தார்கள், அதற்கும் தைரியம் வேண்டும். கரு 25, நடை 25, தலைப்புக்குப் பொருத்தம் 20, சமூகக் கருத்து 20, பிழையின்மை 10. இந்தச் சமூகக் கருத்து 20 என்ன செய்ததென்று தொகுப்பைப் படித்தால் தெரிகிறது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற கதை, கடைசிப் பத்தியில் சடாரென்று மைக்கைப் பிடித்துவிடுகிறது. "அன்றுதான் அவனுக்குப் புரிந்தது" என்று ஆரம்பிக்கிற கடைசிப் பத்தியை நான் எண்ணிப் பார்த்து, பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். எழுதினவர்கள் மேல் தப்பில்லை. இருபது மார்க் அங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டு, அவர்கள் அதை எடுக்கக் கூடாதென்றால் எப்படி?

சரி, தலைப்புகள். மூன்று கொடுத்திருந்தார்கள், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்: கைமாத்து, நொய்யல், தாய்மை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே பரிசுப் பட்டியல். எனக்கு இருக்கிற பெரிய வழக்கே இதில்தான், ஏனென்றால் மற்ற விதிகளையெல்லாம் எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும், தலைப்பிலேயே தராசு சாய்ந்துவிட்டால் அப்புறம் பெயரை மறைத்து என்ன, வரிசை எண்ணைக் கூட்டி என்ன.

தாய்மையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்தத் தலைப்புதான் என்று விழாவில் சொன்னார்கள், ஆச்சரியமே இல்லை. அலமாரியில் கிடக்கிற எந்தக் கதையிலும் ஒரு அம்மா இருப்பாள், அவளைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் தலைப்புக்குப் பொருந்திவிடும். அப்புறம் முதியோர் இல்லம், அமெரிக்காவில் மகன், கடைசி மூச்சில் அவன் பெயர். இதில் யாருக்கு அநியாயம் என்றால், இதே தலைப்பில் உண்மையிலேயே புதிதாக ஒன்றை எழுதியவருக்கு. பத்து முதியோர் இல்லத்தைப் படித்து முடித்தவர் பதினோராவது கதையின் முதல் வரியில் "அம்மா" என்று பார்த்ததுமே சலித்துப்போவார். அந்தத் தலைப்பு வேறு ஏற்கெனவே ஒரு தீர்ப்போடுதான் வருகிறது; பிள்ளையைப் பிடிக்காத அம்மாவை எழுத யாருக்குத் தைரியம் வரும், சமூகக் கருத்துக்கு 20 மார்க் வேறு காத்துக்கொண்டிருக்கிறது.

நொய்யல் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் போய்த் தப்பாகிறது. வெள்ளியங்கிரி மலைப்பக்கம் கிளம்பி, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. கரையில் இருக்கிறவனுக்கு அது வாசற்படி. ஆனால் நோட்டீஸில் கொங்குப் பகுதி முழுக்க யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அழைத்திருந்தீர்களே, கோபிக்காரனுக்குப் பவானிதானே ஆறு, பொள்ளாச்சிக்காரனுக்கு ஆழியாறு, தாராபுரத்துக்காரனுக்கு அமராவதி. அவன் நொய்யலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் செய்தித்தாளில் படித்ததைத்தான் எழுதுவான். எழுதியும் இருக்கிறார்கள்: சாயத்தண்ணீர், அது தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, 2011ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு, எல்லாம் வரிசையாக வருகிறது, கதையைத்தான் காணோம். கரைக்காரர்கள் எழுதியதிலும் ஒரு சிக்கல். சாயப்பட்டறையால் கிணறு கெட்டவரும் அந்தப் பட்டறை மூடியதால் வேலை போனவரும் ஒரே தெருவில் இருக்கிற ஊர் இது. இரண்டு பேரையும் ஒரு கதைக்குள் வைத்து எழுதியவர் ஒருவர் தொகுப்பில் இருக்கிறார், மாமனும் மருமகனுமாக, ஒரு கட்டிலின் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர்க் கேன் போடுகிற பையனுக்குக் காசு யார் கொடுப்பது என்று முறைத்துக்கொள்கிறார்கள். பிரமாதமான கதை. அதற்கு ஆறுதல் பரிசுதான். "வாய்க்கால்" என்று தலைப்புக் கொடுத்திருந்தால் என்ன? பவானியையும் நொய்யலையும் இணைக்கிற காலிங்கராயன் வாய்க்காலும் அதில் வரும், கீழ்பவானியும் வரும், வீட்டுக்கு முன்னால் ஓடுகிற சாக்கடை வாய்க்காலும் வரும், டவுன்காரனும் எழுதலாம்.

கைமாத்துதான் தலைப்பு. இதைக் கொடுத்தவர் யாரோ, அவருக்கு ஒரு சால்வை போட்டிருக்க வேண்டும். வாங்காதவர் இல்லை, கொடுத்து ஏமாறாதவரும் இல்லை. பணக்காரன் ஏழை, ஆண் பெண், கரைக்காரன் மேட்டுக்காரன் எல்லாருக்கும் பொது. இது நல்லதா கெட்டதா என்று தலைப்பே தீர்ப்புச் சொல்வதில்லை. அழுகையாகவும் எழுதலாம், சிரிப்பாகவும் எழுதலாம். கொடுத்த பணத்தை வாங்கப் போனவர் காபி குடித்து, பேத்தி சடங்கு பற்றிப் பேசி, கடைசியில் இன்னொரு 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு வருகிற கதை ஒன்று இருக்கிறது, பஸ்ஸில் படித்துவிட்டுச் சிரித்ததில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் பரிசு வாங்கிய கதை பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து டேபிளில் வேலை செய்கிற இரண்டு பெண்களைப் பற்றியது. ஒருத்தி இன்னொருத்திக்கு 2,000 ரூபாய் கொடுக்கிறாள். பணத்தைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. மத்தியானச் சாப்பாட்டில், வாங்கினவள் தன் டப்பாவைத் திறந்ததும் அவித்த முட்டையை இரண்டாக நறுக்கி, மஞ்சள் கரு பெரிதாக இருக்கிற பாதியை இவள் பக்கம் தள்ளுகிறாள். தினமும். இவளுக்கு அந்த முட்டை தொண்டையில் இறங்குவதில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடிவதில்லை. சம்பள நாளில் பணம் திரும்பி வருகிறது, மறுநாள் டப்பாவில் முட்டை முழுசாக இருக்கிறது, அவள் தானே சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் கதை. சமூகக் கருத்தில் அதற்கு எவ்வளவு போட்டார்களோ.

மூன்று தலைப்பு வைப்பதானால் மூன்றுக்கும் தனித்தனிப் பரிசு வைக்க வேண்டும், பணம் அதற்குப் பற்றாதென்றால் ஒரே தலைப்பு வைக்க வேண்டும். பழைய கதைக்குப் புதுச்சட்டை போட்டு அனுப்புகிறவர்களைத் தடுக்க ஒரு சின்ன உபாயமும் உண்டு, கதையில் கட்டாயம் ஒரு பொருள் வர வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஒரு டோக்கன், ஒரு எடைக்கல், ரசீது, ஏதோ ஒன்று. ஒட்டவைத்த பொருள் ஒட்டவைத்ததாகத் துருத்திக்கொண்டு தெரியும், நடுவர் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை.

கடைசித் தேதி தீபாவளிக்கு முந்தின வாரம். உள்நாட்டு ஆர்டர் ஓடுகிற கம்பெனிகளில் அப்போது ஒன்றரை ஷிப்ட்டும் அதற்கு மேலும் போகும், ராத்திரி வந்து படுப்பதே பெரிது. திருப்பூரில் இருந்துகொண்டு இப்படி ஒரு தேதி குறிக்க எப்படி மனசு வந்தது? அதை உணர்ந்தோ என்னவோ கடைசி நாள் சாயங்காலம் பத்து நாள் நீட்டித்தார்கள். நீட்டித்ததில் நோட்டு அக்கா மாதிரி ஆட்களுக்கு நல்லதுதான், ஆனால் லீவு போட்டு முடித்து அனுப்பியவர்கள் ஏமாந்தார்கள். நீட்டிப்பது என்று ஆகிவிட்டால் ஏற்கெனவே அனுப்பியவர்களும் திருத்தி அனுப்பலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆடி முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியைக் கடைசி நேரமாக வைத்தால் இந்தத் தகராறே வராது.

ஏஐ விவகாரம் இல்லாமல் இப்போது எந்தப் போட்டியும் இல்லை. ஏஐ எழுதிய கதைகள் நிராகரிக்கப்படும் என்று விதி. எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று பலபேர் கேட்டார்கள். முதலில் ஏதோ ஒரு இணையதளத்தில் போட்டுச் சதவீதம் பார்ப்பதாக இருந்ததாம், நல்ல வேளை விட்டுவிட்டார்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐயே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் எடுத்துவிட்டது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் இன்னும் மோசமாக வேலை செய்யும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். அதை நம்பித் தமிழ்க் கதையைத் தள்ளினால் பாவம். இவர்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது: தேர்வானவர்களுக்கு போன் போட்டுப் பத்து நிமிடம் பேசினார்கள். என்னிடம் கேட்ட கேள்வி, "இந்தக் கதையில நீங்க எழுதிட்டு வெட்டுனது எதுங்க?" எழுதினவனுக்கு இதற்குப் பதில் உடனே வரும், புலம்பலோடு வரும். எழுதாதவன் முழிப்பான். பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து பொய் சொல்லலாம்தான், அதையும் மீறிச் செய்கிறவனை எந்த விதியாலும் பிடிக்க முடியாது.

விழாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாழ்த்துரை வாழ்த்துரையாக நீண்டு, பரிசு வாங்கியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் மிஞ்சியது. அரிசிம்பருப்புச் சாதம் சூடாக இருந்தது, நெய் கேட்டவர்களுக்கெல்லாம் ஊற்றினார்கள். பரிசு 5,000, 3,000, 2,000, அன்றைக்கே மண்டபத்திலேயே ஜிபேயில் அனுப்பிவிட்டார்கள். பரிசுப்பணத்துக்கு நடையாய் நடக்கவிட்ட போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தேர்வானவர்களுக்கு நடுவர்கள் ஆளுக்கொரு பத்தி எழுதிக் கொடுத்தார்கள், உருப்படியாகவே இருந்தது. தேர்வாகாதவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. எல்லாருக்கும் பத்தி எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முதல் சுற்று மதிப்பெண் ஐந்தையும் அவரவருக்கு வாட்ஸப்பில் அனுப்ப எவ்வளவு நேரமாகும்? எங்கே விழுந்தோம் என்று தெரிந்தால்தானே அடுத்த கதையை எழுத முடியும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். விதிகளுக்கு நாலரை, தலைப்புக்கு இரண்டரை. கைமாத்து இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அடுத்த வருடம் ஒரே தலைப்பு என்று மேடையில் சொன்னார்கள், ஆலோசனை எழுதிப் போட வாசலில் ஒரு பெட்டியும் வைத்திருந்தார்கள், நான் "முன்பணம்", "காலி வீடு", "எடைமேடை" மூன்றையும் எழுதிப் போட்டிருக்கிறேன். அவர்கள் நோட்டீஸில் உரிமை பற்றிய பகுதியை மட்டும் மற்ற போட்டிக்காரர்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், கேட்டுவிட்டேன், தடையில்லை என்றார்கள். தொகுப்பு 150 ரூபாய். தாள் நன்றாக இருக்கிறது, அட்டை சுமார், 40ஆம் பக்கத்துக்கு அப்புறம் இரண்டு கதைகளின் எண்கள் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன, வாங்குகிறவர்கள் பொருளடக்கத்தைப் பார்த்துச் சரிசெய்து படித்துக்கொள்ளவும். வாங்கினால் முட்டைக் கதையை முதலில் படியுங்கள்.